ஓரத்தார் உதிர்த்த வத்தல்

முள்ளிக்குறிச்சியில் இன்றைக்குப் போய் யாரைக் கேட்டாலும் நடந்தது நடந்ததுதான் என்பார்கள். நடக்கவேயில்லை என்று சாதிக்கிறவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் மாற்றலாகிப் போய்விட்டார், மற்றவருக்கு அன்றுமுதல் மூக்கு வேலை செய்வதில்லை. ஒன்றிய அலுவலகத்துக்கு எதிர்வரிசையில், ராசக்கிளியின் டீக்கடைக்கும் ஒரு சைக்கிள் கடைக்கும் நடுவே ஒடுங்கிக்கிடக்கும் ஞானப்பூவின் டைப்பிங் சென்டரில், ஆடி மாதம் முதல் திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு, பிரிண்டர் ஒரு மனுவைத் துப்பியது. துப்பிய கையோடு, காம்பு கிள்ளாத மிளகாய் வத்தல் பதினேழையும் துப்பியது.

ஞானப்பூ எலியைத் திட்டினாள். பதினேழு வத்தலை இழுத்துவந்து பிரிண்டருக்குள் பதுக்கிவைக்கிற அளவுக்கு எலிக்கு என்ன விசேஷம் வீட்டில் என்று கேட்டாள். மனுவுக்காக வந்திருந்த ஏழுபனைக் கோமுதான் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து, "எலி வாடையே இல்லக்கா, நல்ல நயம் வத்தல்" என்று முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

ஞானப்பூவுக்கு வயது நாற்பத்தெட்டு, அதில் இருபத்தாறு வருஷம் மனு அடித்தே கழிந்தது. மனு அடிப்பது என்றால் சொல்வதைக் கேட்டு விரலைத் தட்டுவது என்று நினைக்கிறவர்கள் முள்ளிக்குறிச்சிக்கு வந்ததில்லை. அங்கே மனுக்காரர் முதலில் நின்றுகொண்டு திட்டுவார். தலையாரியில் தொடங்கி, படிப்படியாக மேலேறி, அதிகாரியின் ஏழு தலைமுறையையும் தெருவுக்கு இழுத்துவந்து, வேட்டியை உதறிக் கட்டி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடம் மறந்துபோனதால் மறுபடி தலையாரியிலிருந்து தொடங்குவார். ஞானப்பூ கன்னத்தில் கைவைத்து எல்லாவற்றையும் கேட்டு, சலித்து, மேலே 'தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்' என்று ஒரு வரியும், கீழே 'கருணை கூர்ந்து' என்று ஒரு வரியும், நடுவில் 'சிறு கவலை' என்று ஒரு சொல்லும் வைத்து மனுவை முடிப்பாள். அப்படி அடித்தால்தான் வாங்குவார்கள் என்பது அந்தத் தெருவின் சட்டம். சட்டத்தை யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. சல்லடையில் தங்கிய கோபம் எங்கே போயிற்று என்று அவளும் கேட்டதில்லை, ஊரும் கேட்டதில்லை. அவளுக்கு வயிற்றில் ஓயாத எரிச்சல் மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரியில் காரத்தைக் குறைக்கச் சொன்னார்கள். "பதினோரு வருசமா மோர்ச்சோறுதான் திங்கேன் டாக்டர், இனி எதக் குறைக்க, மோரையா?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

வத்தல் விழுந்ததற்கு முந்தின நாள்தான் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் மைக்கேல்ராசா வந்து, பழைய எடிட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டுவிட்டுப் போனார். இடதுபக்கம் வழக்கம்போல வெள்ளைத் தாள். வலது ஓரத்தில் ஒல்லியாக ஒரு கட்டம். அதில் எதைக் கேட்டாலும் ஒரு பொட்டு மின்னி மின்னி யோசிக்கும், பிறகு பதில் எழுதும், கேட்டுக்கொண்டால் இடதுபக்கத் தாளையும் தானே திருத்தித் தரும். செயற்கை நுண்ணறிவு என்று மைக்கேல்ராசா சொன்னார். அவ்வளவு நீளப் பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால், தாளின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறவர் என்ற கணக்கில் ஊர் அதற்கு 'ஓரத்தார்' என்று மரியாதையாகவே பெயர் வைத்தது.

ஞானப்பூவுக்கு வேலை சுலபமாகிவிட்டது. மனுக்காரர் திட்டத் திட்ட, திட்டியது திட்டியபடியே அடிப்பாள். ஓரக்கட்டத்தில் 'மனுவாக்கு' என்று ஒரு சொல் போடுவாள். தாளில் 'நாசமாப் போறவனே' மங்கும், 'எத்தன தடவதாம்ல நடக்க' மங்கும், 'பிள்ளைக சாவப்போவுது' மங்கும், அந்தந்த இடத்தில் 'தயைகூர்ந்து' வந்து அடக்கமாக உட்காரும். "நிச்சயமாக! மனுவைச் சற்று மென்மையாக்கியுள்ளேன். வேறு உதவி வேண்டுமா?" என்று ஓரத்தார் கேட்பார். பிரிண்டர் தாளைத் தரும், எத்தனை சொல் மங்கியதோ அத்தனை வத்தலை உதிர்க்கும். ஒரு வாரத்தில் ஞானப்பூவின் வயிற்றெரிச்சல் நின்றது. பதினோரு வருஷத்துக்கப்புறம் சாளைமீன் குழம்பு வைத்துச் சட்டியை வழித்துத் தின்றாள்.

வத்தல் ஏன் வருகிறது என்று முள்ளிக்குறிச்சியில் ஒருத்தரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மழை ஏன் வரவில்லை என்பதற்கே அவர்களிடம் பதில் இல்லை. வந்த வத்தலுக்கு இன்னொரு வெயில் வேண்டுமா, விதை தாங்குமா என்றுதான் பேச்சு. நாலே வாரத்தில் ராசக்கிளி டீக்கடையில் வாளியைப் பார்த்தே இனம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பட்டா மாறாத கோபம் சுருங்கிக் கறுத்த வத்தல், நாக்கில் ஒன்றும் தெரியாது, காதுதான் சூடாகும். ரேஷன் கார்டுக் கோபம் குட்டை, இரண்டாவது வாய்க்கு அப்புறம்தான் பிடிக்கும். விதவைப் பென்ஷன் வத்தலில் காரமே கிடையாது, ஆனால் அதை அரைத்த வீட்டில் அன்று முழுக்கக் கண்ணில் நீர் நிற்காது. கல்யாணச் சமையலுக்கு வத்தல் வேண்டுமென்று குறை ஏதும் இல்லாத ஒருவர் வந்து அரைமணிநேரம் சும்மா நின்று திட்டிப் பார்த்தார். வெளுத்துப்போன சண்டு வத்தலாக ஒரு கூடை வந்தது, ஆடுகூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. வத்தல் யாருக்கு என்று ஒரு தகராறு கிளம்பி, "என் வாய்க் கோவம், என் வத்தல்" என்று ஒருவர் பிரிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தபோது, தெருவே கூடி, முழு வத்தல் மனுக்காரருக்கு, ஒடிந்தது கடைக்கு என்று தீர்த்துவைத்தது. ஊரின் கோபத்தை ஊரே தாளித்துக் கொட்டித் தின்றது. நன்றாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும்.

மணம் ரோட்டைத் தாண்டிற்று. ஒன்றிய அலுவலகத்தில் தபால் வாங்குகிற கிளார்க் சுடலைமணி ஒரு கைப்பிடி ஒடிசலை வாங்கிப்போய்த் துவையல் அரைத்து வந்தார். மனுக்களையெல்லாம் பார்த்துக் குறிப்பெழுதும் மேலாளர் திரவியலிங்கம், அந்தத் துவையலை விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். இருபது வருஷமாக எந்தத் தாளைப் படித்தும் முகத்தில் ஒரு கோடு அசையாத மனிதருக்கு நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. "ஆகா" என்றார், இன்னொரு உருண்டை சோறு கேட்டார். மறுவாரம் அவரே ஒன்றைக் கண்டுபிடித்தார்: முதல் தடவை வந்த மனுவின் வத்தலைவிட, திருப்பி அனுப்பி மறுபடி வந்த மனுவின் வத்தலுக்குக் காரம் இரட்டிப்பு. மூன்றாம் தடவைக்கு மணமும் கூடுகிறது. ஊறுகாயை ஊறப்போடுகிற பக்குவம் தெரிந்தவருக்கு மனுவை ஊறப்போடுவதா பெரிய வேலை? 'மீண்டும் சமர்ப்பிக்கவும்' என்கிற ரப்பர் ஸ்டாம்பு தேய்ந்துபோய்ப் புதிதாக இரண்டு செய்து வைத்துக்கொண்டார்கள். அதிகாரிகள் மனுவைத் தின்கிறார்கள் என்று பேச்சுக்குச் சொல்வதுண்டு. முள்ளிக்குறிச்சியில் அது தினமும் மத்தியானம் ஒன்றரை மணிக்கு, இலை போட்டு நடந்தது.

கோமுவின் மனு அப்படித்தான் ஊறிக்கொண்டிருந்தது. ஏழுபனை நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சின்ன ஊர். கோமு தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள். அவள் மகள் பொன்மலருக்கு நாலு வயது, அங்கன்வாடியில் இருக்கிறாள், கூடப் பதினெட்டுப் பிள்ளைகள். அந்தக் கட்டடத்தின் கூரையில் சிமெண்டு பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி பல்லிளித்துக்கொண்டிருந்தது. ஆனி மாதம் ஒரு பாளம் விழுந்தது, பிள்ளைகள் வெளியே கைகழுவிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து விழுந்தது. அடுத்த பாளமும் நேரம் பார்த்து விழும் என்று யார் எழுதித் தருவார்கள்? ஐப்பசி மழைக்கு முன்னால் பிள்ளைகளை வேறு இடம் மாற்றவேண்டும், கூரையைப் பார்க்கவேண்டும், இவ்வளவுதான் அவள் கேட்டது. ஆடியில் கேட்டாள், பதினேழு வத்தல். ஆவணியில் கேட்டாள், முப்பத்தொன்று. புரட்டாசியில் கேட்டபோது பிரிண்டர் தட்டு நிறைந்து தரையில் கொட்டியது, ராசக்கிளி முறம் கொண்டுவந்தார்.

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள், வானம் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், கோமு ஒரு கவரைக் கொண்டுவந்து ஞானப்பூவிடம் நீட்டினாள். "ஆபீஸ்லருந்து வந்திருக்குக்கா. கவுர்மெண்டுத் தமிழு, எனக்கு வெளங்கல. படிங்க."

ஞானப்பூ சத்தமாகப் படித்தாள். "'பார்வையில் கண்ட மூன்று மனுக்களும் பரிசீலிக்கப்பட்டன. கூரை குறித்துத் தமக்குச் சிறு கவலை மட்டுமே உள்ளதாக மனுதாரரே மூன்று முறையும் தெரிவித்துள்ளதால், அவசரம் ஏதுமில்லை எனக் கருதி...'"

கோமு தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு, சண்டை போடுகிற குரலில் இல்லை, கிணற்றில் எட்டிப்பார்த்துக் கேட்கிற குரலில், "அக்கா, நா அப்படியா சொன்னேன்?" என்றாள்.

டீக்கடையில் இருந்த ஏழெட்டுப் பேரும் தம்ளரைக் கீழே வைத்தார்கள்.

"இல்லளா, நீ அப்படிச் சொல்லல" என்றாள் ஞானப்பூ.

"மூணு தடவயும் தொண்ட கிழியக் கத்துனேன். நீங்களும் அடிச்சிய, பாத்தேன். பிள்ளைக சாவும்னு சொன்னேன். அது எங்கக்கா?"

அது எங்கே என்று கடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவரவர் வீட்டு ரசத்தில் இருந்தது. மேலாளர் திரவியலிங்கத்தின் எவர்சில்வர் டப்பாவில் இருந்தது.

ஞானப்பூ நேரே கம்ப்யூட்டருக்கு முன் உட்கார்ந்து, ஓரக்கட்டத்தில், விரல்நுனியால் குத்துகிற மாதிரி அடித்தாள்: 'பிள்ளை சாகும்னு சொன்னா சிறு கவலைன்னு எழுத உனக்கு யாருய்யா சொல்லிக்குடுத்தது?'

பொட்டு மின்னியது. ஓரத்தார் எழுதினார்: "வருந்துகிறேன். இந்தக் கணினியில் 'மனுக்கள்' என்ற ஃபோல்டரில் உள்ள பழைய மனுக்களைப் பார்த்து, அதே நடையைப் பின்பற்றினேன். அவற்றில் 'சிறு கவலை' என்ற சொல் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் வருகிறது. நடையை மாற்ற வேண்டுமானால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்."

அவள் ஃபோல்டரைத் திறந்தாள். எல்லாம் அவள் கையால் அடித்தவை. ஓடையில் பிள்ளை அடித்துப்போனது சிறு கவலை. கம்பி அறுந்து மாடு செத்தது சிறு கவலை. மருதாச்சியின் மகனை அடித்துக் காலை ஒடித்தது, ஐயா, தங்கள் மேலான பார்வைக்கு, சிறு கவலை. திட்டுவதற்கு ஓரத்தாரின் பக்கம் வாயைத் திறந்தவள், திறந்த வாயை அப்படியே தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இருபத்தாறு வருஷமாக ஓர் ஊரின் தொண்டையில் கைவைத்து அமுக்கியிருக்கிறாய், அதற்குத் தாளுக்கு இவ்வளவு என்று வாங்கியும் இருக்கிறாய் என்று அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டதில் பாதியை இங்கே எழுத முடியாது. முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, புதுத் தாள் திறந்தாள்.

"ஏளா கோமு, சொல்லு. மொதல்லருந்து சொல்லு."

"மறுபடியுமா? சலிப்பியளே."

"சலிக்க மாட்டேன். சொல்லு."

கோமு சொன்னாள். சொல்லச் சொல்ல ஞானப்பூ அடித்தாள். 'ஐயா' கிடையாது, 'தாழ்மை' கிடையாது. முடித்ததும் ஓரக்கட்டத்தில், 'எழுத்துப்பிழை மட்டும் பாரு. ஒரு வார்த்தையையும் தொடாதே' என்று போட்டாள்.

"சரி, தொடவில்லை" என்றார் ஓரத்தார். "ஒன்று மட்டும் கேட்கலாமா? 'பிள்ளைகள் சாவும்' என்ற வரி இரண்டு முறை வந்துள்ளது. ஒன்றை நீக்கவா?"

ஞானப்பூ அதைப் படித்துக் காட்டினாள். கோமு திரையைப் பார்த்தே பதில் சொன்னாள்: "ஒருதடவ சொன்னாக் கேக்க மாட்டாவன்னுதானய்யா ரெண்டு தடவ சொல்லுதேன். உமக்குப் பிள்ளகுட்டி இல்ல, உமக்கு எங்க தெரியும்?"

"புரிகிறது. இரண்டும் இருக்கட்டும்" என்றார் ஓரத்தார்.

பிரிண்டர் முனகியது. ஒரு வத்தல்கூட விழவில்லை. தாள் மட்டும் வந்தது, வந்த வேகத்தில் ஒரு நெடி வந்தது பாருங்கள், நூறு வீட்டு வாணலியில் ஒரே நேரத்தில் வத்தலைக் கருகவிட்ட மாதிரி. சைக்கிள் கடைக்காரர் பம்ப்பைப் போட்டுவிட்டு ஓடினார். ராசக்கிளி இருபத்திரண்டு தும்மல் தும்மி, இருபத்துமூன்றாவதுக்கு வாய் திறந்தபடி நின்றார். கோமுவுக்கும் ஞானப்பூவுக்கும் மட்டும் ஒன்றும் செய்யவில்லை. கோமு தாளை நனைந்த வாழையிலையில் சுருட்டி எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள், ஞானப்பூ பின்னாலேயே போனாள், டீக்கடை மொத்தமும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அவள் பின்னால் போனது.

சுடலைமணி ஸ்டாம்பை ஓங்கினார், ஓங்கிய கையோடு தும்மினார், ஸ்டாம்பு அவர் சட்டையிலேயே குத்தியது: 'மீண்டும் சமர்ப்பிக்கவும்'. திரவியலிங்கம் தாளை வாங்கி வழக்கம்போல மற்ற மனுக்களுக்கு அடியில் செருகினார். அந்தக் கட்டு இருமியது. பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். பீரோ இருமியது. உள்ளே வருஷக்கணக்காக அடங்கிக்கிடந்த தாள்கள் எல்லாம், உறைமோர் விட்ட பாலைப்போல, அந்த ஒரு தாளின் காரத்தை வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக நெடி எடுக்கத் தொடங்கின. பத்து நிமிஷத்தில் ஒன்றிய அலுவலகம் மொத்தமும் வாசலில் நின்று கண்ணீர்விட்டது. இத்தனை வருஷத்தில் அந்த ஆபீஸ் மக்களுக்காகக் கண்ணீர்விட்டது அன்றைக்குத்தான்.

"இத வாங்கிட்டுப் போயிரும்மா தாயே" என்றார் திரவியலிங்கம், பீரோவிலிருந்து பிடுங்கி வந்த தாளைக் கைநீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு.

"நாங்க குடுத்தாச்சு சார்" என்றாள் ஞானப்பூ. "நீங்க வாங்கியாச்சு."

அவர் தாளை உதறிப் பார்த்தார், அது விரலைவிட்டுப் போகவில்லை. ஆபீஸ் பக்கம் ஓர் அடி வைத்தார், நெடி மண்டைக்குள் ஏறியது. கிழக்கே ஓர் அடி வைத்தார், கொஞ்சம் தணிந்தது. இன்னோர் அடி, இன்னும் தணிந்தது. கிழக்கே ஏழுபனை இருந்தது. ஜீப்பில் ஏறினால் ஜீப்புக்காரர் இறங்கி ஓடினார். கடைசியில் மேலாளர் திரவியலிங்கம், இன்சர்ட் செய்த சட்டையோடு, தாளைத் தீப்பந்தம்போல முன்னால் நீட்டிக்கொண்டு, நாலு கிலோமீட்டரையும் நடந்தே போனார். நின்றால் இருமல், திரும்பினால் தும்மல். வழியில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள், "ஏ, சாமி வந்திருச்சா சாருக்கு?" என்று கேட்டார்கள். "மனு வந்திருக்கு" என்றாள் கோமு.

அங்கன்வாடிக்குள் நுழைந்து, பத்தொன்பது பிள்ளைகளுக்கு நடுவில் நின்று, அவர் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். நெடி சட்டென்று நின்றது. அந்த அமைதியில் மேலேயிருந்து ஒரு கைப்பிடி மண் அவர் கண்ணாடியில் உதிர்ந்தது. பொன்மலர் தன் தட்டைக் கையால் மூடிக்கொண்டாள். அந்தப் பிள்ளைகள் எல்லோருக்குமே அது பழக்கமாகியிருந்தது, சோற்றில் மண் விழாமல் மூடிக்கொள்வது. அதைப் பார்த்த பிறகுதான் அவர் முகத்தில் என்னமோ அசைந்தது என்கிறார்கள். அன்றைக்கே பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்றுக்கு மாற்றினார்கள்.

மூன்றாம் நாள் மழை இறங்கியது. பதினொன்றரை மணிக்கு, பிள்ளைகள் சாப்பிட உட்காருகிற நேரத்துக்கு, கூரை முழுதாக உள்ளே இறங்கியது. சத்தம் முள்ளிக்குறிச்சி வரைக்கும் கேட்டது. கோமு தீப்பெட்டி ஆபீஸிலிருந்து செருப்பில்லாமல் ஓடி, வகுப்பறை வாசலில் நின்று பத்தொன்பது தலைகளையும் எண்ணி, மறுபடி எண்ணி, அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள் என்றதும் திரவியலிங்கத்துக்கு அறிக்கை ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. ஆபீஸுக்குள் இன்னும் மூக்கை நுழைக்க முடியவில்லை. ஞானப்பூவின் கடைக்குத்தான் வந்தார். வாசலில் அறுபது பேர் புதுமனுவுக்கு வரிசையில் நின்றார்கள், கோமுவும் நின்றாள், கட்டடத்துக்காக.

"அடிம்மா. 'மனு கிடைத்த அன்றே மேலாளர் நேரில் நடந்து சென்று துரித நடவடிக்கை எடுத்ததன் பேரில்...'"

"எந்த மனு சார்? நாலு இருக்கு."

"அதெல்லாம் உள்ள வரக்கூடாதும்மா. ஓரத்துல இருக்காரே அவர்ட்ட சொன்னா, பக்குவமா எழுதித் தந்துருவாருல்லா?"

"தருவாரு. சொன்னதச் செய்யற ஆளு" என்றாள் ஞானப்பூ. "சொல்லுற ஆளு நான். நான் சொல்ல மாட்டேன்." எழுந்து ஸ்டூலைத் துடைத்து அவர் பக்கம் தள்ளினாள். "உங்க அறிக்கை. நீங்களே அடிங்க சார்."

இருபது வருஷமாகக் கையெழுத்தைத் தவிர எதுவும் எழுதாத விரல். அவர் குனிந்து 'ம' எங்கே என்று தேடினார். அறுபது பேரும் வரிசையைக் கலைத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, தாளில் விழ விழ ஒவ்வோர் எழுத்தாக உரக்கப் படித்தார்கள். "ம... னு... கி... டை... த்த... அ... ன்றே..." என்று படித்துவிட்டு, அறுபது பேரும் ஒரே குரலில், "ம்?" என்றார்கள்.

அவர் அழித்தார். 'துரித' என்று அடித்தார். "ம்?" என்றார்கள். அழித்தார். வேர்த்தது. துவையலில்லாமலே வேர்த்தது. பன்னிரண்டு மணி ஆயிற்று, ராசக்கிளி அவருக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தார், யாரும் கத்தவில்லை, யாரும் திட்டவில்லை, படிப்பதற்காக நின்றார்கள், அவ்வளவுதான். பன்னிரண்டே முக்காலுக்கு அந்தத் தாளில், இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் அடித்த நிஜமான வரி ஒன்று நின்றது: 'மூன்று மனு வந்தும் நாங்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை'.

அப்பாடா என்று மூச்சுவிட்டு, அவர் விரல் முற்றுப்புள்ளியைத் தேடிப் போயிற்று.

"புள்ளி வைக்காதிய சார்" என்றாள் கோமு, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து. "இன்னும் இருக்கு. சொல்லுதேன், அடிங்க."